ஆட்டோவில் திறந்தபடியே வந்த லேப்டாப்

வியாழக்கிழமை முற்பகல். என் பாத்திரக் கடையில் ஒரு கல்யாணச் சீருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். போடிப் பக்கத்துச் சம்சாரிக் குடும்பம். பித்தளை அண்டாவில் பெண்ணின் பெயரை வெட்டுவதா, மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து வெட்டுவதா என்று இரண்டு சம்பந்திகளுக்கும் வாய்ப்பேச்சு முற்றியிருந்த நேரத்தில் எங்கள் ஆலயத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை போன் செய்தான். "அக்கா, ஜெயசீலன் அண்ணே தவறிட்டாக. கம்பத்துல" என்றான். "ஏலே, வெளயாடாத" என்றேன். "இதுலயா வெளயாடுவாக?" என்று கேட்டுவிட்டு அவன் அழத் தொடங்கினான். போனை வைத்துவிட்டு, இரண்டு பெயரையும் வெட்டச் சொல்லி அண்டாவை அனுப்பினேன்.

சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் பார்க்கப் போயிருக்கிறார். மோட்டார் ரூம் வாசலில் அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோட்டத்துக்காரர்கள் கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை. அன்று மாலையே அவரைத் தேனிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

திருச்சபை இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆயர் என்னைக் கேட்டார். "கடைசியா அவர்கூட உக்காந்து வேல பார்த்தது நீங்கதானேம்மா" என்றார். மறுக்க வாய் வரவில்லை. ஆனால் இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று சபையார் படித்துவிட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எழுத எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெயசீலன் அண்ணன் தேனியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் தோட்டங்களுக்கு அவர் கடைச் சாமான்தான் ஓடுகிறது. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே பஜாரில் வளர்ந்தவர்கள். எனக்கு அவர் உடன்பிறந்த அண்ணன் இல்லை. ஆனாலும் தங்கச்சி என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி அவர் என்னை அழைத்ததில்லை. அவருடைய துணைவியார் லில்லி மதினி, பள்ளியில் ஊசித்தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள்.

எங்கள் ஆலயத்தில் திரை மாட்டி, பாட்டின் வரிகளைப் பெரிதாகக் காட்டலாம் என்று கமிட்டி முடிவெடுத்த காலத்தில், அதை இயக்க யாரும் முன்வரவில்லை. அண்ணன்தான் எழுந்து, "பம்புசெட்டும் கரண்டுலதான் ஓடுது, இதுவும் கரண்டுலதான் ஓடுது. நான் பார்க்கிறேன்" என்றார். சபையே சிரித்தது. மகள் கல்லூரியில் பயன்படுத்திவிட்டு வைத்துப்போன லேப்டாப்பை அடுத்த ஞாயிறே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அன்றைக்கே அதற்கு வயதாகியிருந்தது.

அந்த லேப்டாப்பின் வேகத்தைப் பற்றி நம் சபையில் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிறு காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் அண்ணன் பல் துலக்கப் போவார். குளித்து, ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிக்கையில் திரையில் படம் வந்திருக்கும். மூடினால் தூங்கிப்போகும், தூங்கினால் எழுப்புவதற்குள் பிரசங்கமே முடிந்துவிடும். ஆகையால் அவர் அதை மூடுவதே இல்லை. ஆட்டோவில் ஏறி, திறந்த லேப்டாப்பை மடியில் வைத்து, வெயில் படாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி வருவார். மழை பெய்தால் குடை அதற்கு, இவர் நனைவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறவர்கள், ஏதோ குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார் என்று நினைத்து வழி விட்டதாக ஆட்டோக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னோம். வைரஸ் இருக்கும் என்று ஒருவர் சொன்னதும் வைரஸைப் பிடிக்கிற சாஃப்ட்வேர் போட்டார். இன்னொருவர் வேறு ஒன்று நல்லது என்றதும் அதையும் போட்டார். நான் என் பங்குக்கு, அடியில் ஈரத்துணி போட்டுப் பாருங்கள் என்றேன். நல்லவேளை, அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

பாட்டு நடுவே திரை அசையாமல் நின்றுவிடுவது வழக்கம். ஆனால் பாட்டு நின்றதில்லை. ஏனென்றால் அடுத்த அடியை அண்ணனே தொண்டை திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார், நாங்கள் பிடித்துக்கொள்வோம், பின்னாலேயே திரையும் வந்து சேரும். அவருக்குச் சங்கீதம் வராது. சுருதிக்கும் அவருக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. ஆர்கன் வாசிக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். அண்ணன் பாட ஆசைப்பட்டுக் கத்துகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒருமுறை அமுக்கி லேப்டாப் கேட்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அமுக்குவார். "ஒரு தடவ அமுக்குனாப் போதும்ணே, அது மெதுவா வரும்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். "காதுல விழலன்னா திரும்பச் சொல்லத்தானய்யா வேணும்" என்பார். லேப்டாப்புக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மொத்தமாகச் சேர்த்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் செய்யும். அதுதான் அன்றைக்கு வினையாக முடிந்தது.

நம் ஆலய வழக்கம் உங்களுக்குத் தெரியும். அறிவிப்பு முடிந்ததும், அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்களின் படங்கள் திரையில் வரும். அடுத்து, அந்த வாரத்தில் இறந்தவர்களை நினைவுகூருகிற குடும்பங்கள் கொடுத்த படங்கள், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தோர்" என்ற தலைப்பின் கீழ் வரும். அன்று எனக்குப் பிறந்தநாள் வாரம். கடை திறப்பு விழாவில் பட்டுச்சேலை கட்டி, கையில் குத்துவிளக்கோடு சிரித்தபடி எடுத்த படத்தைக் கொடுத்திருந்தேன். அண்ணன் அமுக்கினார். வரவில்லை. திரும்ப அமுக்கினார், திரும்பவும் அமுக்கினார். திடீரென்று திரை தடதடவென்று ஓடி, ஒரு வெள்ளைச் சிலுவையின் பக்கத்தில், நித்திரையடைந்தோர் தலைப்பின் கீழே, பட்டுச்சேலையோடு என் படத்தில் வந்து நின்றது. தலைப்பு முன்னால் ஓடிவிட்டது, படம் பின்தங்கிவிட்டது. நின்றது நின்றதுதான். எதை அமுக்கியும் அசையவில்லை.

ஆயர் அதைக் கவனிக்காமல் கண்ணை மூடி, துக்கத்தில் இருக்கும் குடும்பங்களை ஆண்டவர் ஆற்றித் தேற்றும்படி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் கோயில்பிள்ளை ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

தேவதானப்பட்டியில் இருக்கும் என் தம்பி காய்ச்சலில் படுத்தபடி போனில் ஆராதனை நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சரியாக அந்த ஜெபத்தின்போது கண் விழித்திருக்கிறான். எனக்குப் போன் செய்தால், நான் ஆலயத்தில் அணைத்து வைத்திருக்கிறேன். பஸ் பிடித்து வந்துவிட்டான். மத்தியானம் நான் அடுப்படியில் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருக்கையில் வாசலில், "அக்கா, என்னய விட்டுட்டுப் போயிட்டியா" என்று குரல் கேட்டது. கரண்டியோடு போய் நின்றேன். தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கை கழுவிக்கொண்டு சாப்பிட்டான்.

சாயங்காலம் அண்ணனும் லில்லி மதினியும் வந்தார்கள். அண்ணன் வாசலுக்கு உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். "தங்கச்சி, என்ன சொல்றதுன்னே தெரியல. நீ நல்லா இருக்கணும்" என்றார். எனக்குக் கோபமே இல்லை, சத்தியமாக இல்லை. "அட, நீங்க படம் போட்டா நான் போயிருவேனாண்ணே? உள்ள வாங்க, பிரியாணி இருக்கு" என்றேன். என் தம்பி கண் வீங்கியபடி உள்ளே படுத்திருந்ததை அண்ணன் பார்த்தார். சாப்பிடாமலே போய்விட்டார்.

இத்துடன் விட்டிருந்தால் நான் மனுஷி. எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது பஜாருக்கே தெரியும். அடுத்த ஞாயிறு, ஆலய வாசலில் ஆட்டோவிலிருந்து லேப்டாப்போடு இறங்குகிறவரைப் பார்த்து, "அண்ணே, இந்த வாரம் நான் உயிரோட இருக்கேனா? பார்த்துச் சொல்லுங்க, உள்ள போகணுமா திரும்பிப் போகணுமான்னு" என்றேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் கேட்காவிட்டால், "என்ன எஸ்தரு, இன்னைக்கு அண்ணன்ட்ட கேக்கலயா?" என்று மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். போடியில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்து, தம்பி வாசலில் அழுததை நடித்தே காட்டினேன். அண்ணன் எதிர்வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகுதான் லேப்டாப் இன்னும் மோசமாயிற்று. முன்பெல்லாம் தாமதமாக வந்தாலும் வரும். இப்போது பாட்டு முழுவதும் முடிந்தும் முதல் அடியிலேயே நிற்கும். அண்ணன் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுத்து, தொண்டை கட்டி, இருமிக்கொண்டே பாடினார். கமிட்டியில் புது லேப்டாப் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. புது லேப்டாப் வந்தால் ஆளையும் மாற்றலாமே என்று யாரோ மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்கள். அண்ணன் எழுந்து, "ஒரு தடவ சரிபண்ணிப் பார்க்கேன். ஆகலன்னா நானே ஒதுங்கிக்கிறேன்" என்றார். அந்த மேஜையை விட்டுப் போக அவருக்கு மனசில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மகள் பெங்களூர் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் அவருக்கு வாரமே ஓடிக்கொண்டிருந்தது.

என் கடை மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சங்கீதாவிடம் நான்தான் அவரை அழைத்துப் போனேன். சங்கீதா நல்ல கெட்டிக்காரப் பெண், வாயும் உண்டு. லேப்டாப்பைப் பார்த்ததுமே, "இதென்னண்ணே, வைரஸ் பிடிக்கிறதுக்கு ரெண்டு ஆளு? ஒரு வீட்டுக்கு ரெண்டு காவல்காரன் போட்டா, ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்பட்டே பொழுது போயிரும்" என்று ஒன்றை எடுத்துவிட்டாள். பொத்தானை அமுக்கியதும் தானாக எழுந்து ஓடுகிற, யாருக்கும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினாள். பின்பக்கம் கழற்றியபோது மின்விசிறியில் பஞ்சுபோல் தூசி. பம்புசெட் கடைத் தூசி, ஆட்டோத் தூசி எல்லாம் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, அதைவிட வேகமாக ஓடுகிற எஸ்.எஸ்.டி. போட்டாள். இருப்பது கொஞ்சமாக இருக்கிறது என்று மெமரியும் கூட்டினாள். மறுபடி அமுக்கியபோது, அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது. "கெட்டுப் போச்சோ?" என்று கேட்டார். அவ்வளவு வேகத்தை அவர் அதனிடம் பார்த்ததே இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி படுத்துவிட்டது. சங்கீதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆராதனை முடிகிற நேரத்துக்கு நேரில் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். திரையின் அடியில் சின்னச் சின்னதாக நெருக்கிக்கொண்டு வரிசை நின்றது. பிறந்தநாள் படம் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல், தனி விண்டோ. நினைவுகூருகிற படம் ஒவ்வொன்றுக்கும் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், நகலுக்கு ஒரு நகல், அத்தனையும் திறந்தே இருந்தன. பாட்டுகள் வேறு. "இத்தனையும் ஒண்ணாத் தெறந்து வச்சா எந்த மெஷினும் படுத்துரும்ணே. எல்லாரையும் ஒரே ஃபைல்ல வரிசையாப் போட்டுட்டு மத்தத மூடுங்க" என்றாள். "மூட வேண்டாம்மா" என்றார் அண்ணன். ஏன் என்று கேட்டாள். "ஒருத்தரு பக்கத்துல ஒருத்தரு இருக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் விளங்காதவளாக நின்றேன். உண்மையிலேயே விளங்கவில்லை. என் மண்டை அப்படி.

விளங்கவைத்தது லில்லி மதினி. ஒரு இட்லிக் கொப்பரை மாற்ற வேண்டுமென்று கடைக்கு வந்தவர், அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபடியே பேசினார்.

"எஸ்தரு, சனிக்கிழம சாயங்காலம் ஆனா அவுக வீடு வீடாப் போன் போடுதாக, தெரியுமா?"

தெரியும். பிறந்தநாள் வருகிற வீட்டுக்கெல்லாம் போன் செய்து, நல்லா இருக்கீகளா என்று விசாரிப்பார். எவ்வளவு அன்பான மனுஷன் என்று சபையே பேசிக்கொண்டது. எனக்கும் அடுத்த பிறந்தநாளுக்கு முந்தின சனிக்கிழமை போன் வந்தது. "நல்லா இருக்கியா தங்கச்சி?" என்று கேட்டார். "இன்னும் இருக்கேண்ணே. அவசரப்பட்டு நாளைக்குப் போட்டுராதீக" என்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான்தான் வைத்தேன்.

"அன்பெல்லாம் இல்ல எஸ்தரு. பயம்" என்றார் மதினி. "ஒவ்வொருத்தரும் உசுரோட இருக்காகளான்னு கேட்டுக்கிட்டுத்தான் படத்த வைக்காக. எறந்தவுக வீட்டுக்கும் போன் போட்டு, அவுக படந்தானான்னு கேப்பாக. அப்புறம் ஒண்ணு ஒண்ணாத் தெறந்து, மூடாமயே விடிய வைப்பாக. மூடித் தெறந்தா மாறிருமாம். நீ வாசல்ல நின்னு கேக்கேல்ல, அத நெனச்சுத்தான் ஒவ்வொரு வாரமும் ஆட்டோ கோயில் பக்கம் திரும்புறப்பவே எங் கையப் புடிச்சுக்குவாக. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. அவளுக்கு மனசுல ஒண்ணும் கெடையாது, சும்மா சிரிக்கா, அவ சிரிப்பக் கெடுத்துராதன்னு."

கொப்பரையை மாற்றிக் கொடுத்தேனா, எப்படிக் கொடுத்தேன் என்பது நினைவில்லை. முகம் எரிந்தது. லேப்டாப் மெதுவாக ஓடியதற்குக் காரணம் தேடி, தூசியைத் துடைத்து, டிஸ்க்கை மாற்றி, மாடிக்கும் கீழுக்கும் நடந்தேனே, காரணம் ஞாயிறு தவறாமல் ஆலய வாசலில் பட்டுச்சேலை கட்டி நின்றிருக்கிறது.

மறுநாளே அவர் கடைக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, நான் வெளயாட்டுக்குத்தான் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீக" என்றேன். அவர் ஒரு மோட்டார் உதிரிபாகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ வெளயாட்டுக்குத்தான் சொல்ற தங்கச்சி. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்ணே மனசுல வச்சுக்கிட்டீக?"

"நான் வெளயாட்டுக்குப் போடலயே" என்றார். கையிலிருந்ததை மேஜையில் வைத்தார். "உன் தம்பி காய்ச்சலோட பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தான். தேவதானப்பட்டியில இருந்து இங்கன வர்ற வரைக்கும் அவனுக்கு நீ இல்ல. அத நான்தான செஞ்சேன்."

அந்தக் கதையைப் பந்தியில் நடித்துக் காட்டியவள் நான். தலை குனிந்து நின்றேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அது கடை ஷட்டர் வரைக்கும்கூடக் கேட்டிருக்காது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தில் நாங்கள் இருவரும் அந்த மேஜையில் உட்கார்ந்தோம். சங்கீதா ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போனாள். பிறந்தநாள்காரர்கள் ஒரு ஃபைலில், நினைவுகூரப்படுகிறவர்கள் இன்னொரு ஃபைலில். நடுவே வசனம் எழுதிய ஒரு வெறும் பக்கம். அது வராமல் இது வராது. அண்ணன் ஒவ்வொரு விண்டோவாக மூடினார். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்து, "மூடட்டா?" என்று கேட்டார். "மூடுங்கண்ணே" என்றேன். எல்லாம் மூடி முடிந்ததும் லேப்டாப் மூச்சு வாங்குகிற சத்தம் அடங்கிற்று. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிறு ஆராதனை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு வரிகள் நம் வாய்க்கு முன்னால் போய் நின்றன. ஆர்கன்காரர் திரும்பித் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு அடிகூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை; மெதுவாக, தனக்குள் பாடினார். ஆராதனை முடிந்ததும் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே, பறக்குது" என்றார்கள். கமிட்டிக்காரரே கை கொடுத்தார். அண்ணன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அப்போது யாரோ என் பக்கம் திரும்பி, "என்ன எஸ்தரு, இன்னைக்கு ஒண்ணும் கேக்கல?" என்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் கேட்டிருக்கக் கூடாது. முந்தின நாள்தானே பக்கத்தில் உட்கார்ந்து மூடுங்கண்ணே, மூடுங்கண்ணே என்று சொன்னேன். ஆனாலும், "இனி என்னத்தக் கேக்க? லேப்டாப்பு இவ்வளவு வேகமாயிருச்சு, என்னயவும் சீக்கிரமா அனுப்பி வச்சிருவாக" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு ஆலய மதில் வரைக்கும் கேட்டது. அண்ணனும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் மடியில் லேப்டாப் திறந்தபடி இருந்தது. மேலே துண்டு. அதை மூடாமல் கொண்டுவரக் காரணம் எதுவும் இப்போது இல்லை. திரையின் அடியில் திறந்த ஃபைல்களின் அந்த நெருக்கமான வரிசை மறுபடி நின்றதை மேஜைப் பக்கம் போனபோது பார்த்தேன். பாட்டின் இரண்டாவது சரணத்தில் திரை நின்றது. அண்ணன் இருமிக்கொண்டே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.

போய்ப் பேச வேண்டும், இந்த முறை எல்லோர் முன்னாலும் வாசலிலேயே வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தேன். முகூர்த்த மாதம், கடையில் தலைக்கு மேல் வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மையில், நான் கேலி செய்தால் சிரிக்கிற அதே கூட்டம், நான் மன்னிப்புக் கேட்டால் எப்படிப் பார்க்கும் என்று வெட்கப்பட்டேன். அடுத்த ஞாயிறு கட்டாயம் என்று வைத்திருந்தேன். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்தது. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்திலிருந்தெல்லாம் தோட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். மண் போடும்போது என் தம்பியும் என் பக்கத்தில் நின்றான். அவன் வாய்விட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அழ எனக்கு என்ன உரிமை என்று இருந்தது.

ஞாயிறு திரைக்கு என்னையே உட்காரச் சொன்னார் ஆயர். சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நித்திரையடைந்தோர் ஃபைலைத் திறந்து, மகள் அனுப்பியிருந்த படத்தை எடுத்தேன். வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் கோணலாகச் சிரிக்கிறார். வைக்கப் போனேன். கை வரவில்லை. அந்தந்த வீட்டில் கேட்காமல் எந்தப் படத்தையும் அவர் வைத்ததில்லை. போனை எடுத்து லில்லி மதினியைக் கூப்பிட்டேன். அவர் எடுத்தார். எப்படிக் கேட்பது இதை? மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

"எஸ்தரா?" என்றார். "படத்துக்குத்தான போன் பண்ண? வையி." போனை வைக்கும் முன் சேர்த்துச் சொன்னார். "இந்தத் தடவ தப்பில்ல எஸ்தரு."

வைத்தேன். ஞாயிறு அதைக் காட்டினேன். சபையார் எழுந்து நின்றீர்கள்.

அண்ணே, உங்களைக் கேலி செய்தது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது மட்டும் ஆள் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் கடைக்குள். அதனால் இப்போது நம் சபையார் அத்தனை பேரும் படிக்கிற இந்த இதழில் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள். வாசலில் நின்று சிரித்தவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி என்னைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். என்னால் தாங்க முடியாது.